ஒன்பதாவது கால்

வெளிநாட்டு வாப்பாக்களின் பிள்ளைகளாக வளர்ந்த என் வயதுக்காரிகளே, உங்கள் வீட்டிலும் கால் வரைந்திருப்பார்கள். பழைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தரையில் போட்டு, வலது காலை வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றிக் கோடு இழுப்பார்கள். பென்சில் உள்ளங்கால் வளைவுக்கு வரும்போது கூசும். சிரித்துக் காலை அசைத்தால் கோடு கோணிக்கொள்ளும், மண்டையில் ஒரு குட்டு விழும். பிறகு கத்தரிக்கோலால் அந்தக் காலை வெட்டி எடுத்து, நடுவில் 'சின்ன மாமா', 'பெரிய சாச்சி' என்று உறவை எழுதி, உறையில் போட்டு வாப்பாவுக்கு அனுப்புவார்கள். அவர் அங்கே கடை கடையாக ஏறி, காகிதக் காலைச் செருப்பின்மேல் வைத்துப் பார்த்து வாங்கிவருவார். செருப்புக்கு நம்பர் என்று ஒன்று உண்டு என்பது எங்கள் தெருவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

என் வாப்பா துபாய், சவூதி என்று போனவர் இல்லை. மாலத்தீவின் தலைநகரமான மாலேயில் கணக்கு வாத்தியாராக இருந்தார். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒரு குட்டித் தூக்கம் போடுவதற்குள் இறங்கிவிடலாம். அதனால் எங்கள் தெருவில் அவருக்கு வெளிநாட்டுக்காரர் என்ற மரியாதை கொஞ்சம் மட்டுதான். ஒவ்வொரு கோடைக்கும் வந்துவிடுவார். எனக்குப் பத்து வயது முடிந்த கோடையில் மட்டும் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. உம்மாவும் நானும் அங்கே போனோம். காகிதக் கால்கள் தபாலில் போகாமல் உம்மாவின் கைப்பையில் போயின.

இனிமேல் சொல்லப்போவது மாமியைப் பற்றி. மாமி என்றால் வாப்பாவின் அக்கா. எங்கள் ஊர் திருநெல்வேலிக்குக் கிழக்கே, ஆற்றை ஒட்டி இருக்கிறது. மாமி வீடு எங்கள் தெருவின் கடைசியில், அதைத் தாண்டினால் படித்துறை. மாமியின் ஒரே மகனும் நானும் ஒரே வாரத்தில் பிறந்தவர்கள். ஏழு வயதில், ஐப்பசியில் ஆறு செம்மண் நிறத்தில் பெருகிப் போனபோது, வேடிக்கை பார்க்கப் படித்துறையில் நின்றவனை ஆறு கொண்டுபோயிற்று. எட்டு நாள் தேடினார்கள். ஆள் கிடைக்கவில்லை. ஸ்ரீவைகுண்டம் அணையில் ஆகாயத்தாமரைக்குள் சிக்கி ஒரு செருப்புதான் கிடைத்தது. வலது கால் செருப்பு, நீல வார் வைத்தது. அந்தக் கோடையில் வாப்பா மாலேயிலிருந்து வாங்கிவந்து அவன் காலில் போட்டுவிட்டது.

அதற்குப் பிறகு மாமி சாப்பாட்டு நேரத்தில் ஒரு தட்டு கூடுதலாக வைப்பாள். மாமா முதலில் பொறுத்துப் பார்த்தார். பிறகு, இன்னொரு தடவை தட்டு வைத்தால் தர்காவில் கொண்டுபோய்க் கட்டிப்போட்டுவிட்டு வருவேன் என்று தெருவே கேட்கச் சொன்னார். புத்தி பேதலித்தவர்களை அங்கே சங்கிலியில் கட்டிவைப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். மாமி தட்டு வைப்பதை நிறுத்திவிட்டாள். எல்லோரும் அவள் தேறிவிட்டதாக நினைத்தார்கள்.

நாங்கள் மாலேக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், ஒரு மத்தியானம், மாமி என்னைக் கூப்பிட்டாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. தரையில் தாளைப் போட்டு, "வலது காலை வைம்மா" என்றாள்.

"எனக்குத்தான் உம்மா நேத்தே வரைஞ்சிட்டாவளே, மாமி."

"இது உனக்கில்ல. அவனுக்கு."

நான் காலை எடுக்கப் பார்த்தேன். மாமி என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். கை ஈரமாக இருந்தது, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருப்பாள்.

"வலது கால்ல செருப்பு இல்லாமல்லா நடக்குதான், மூணு வருசமா. போன ரெண்டு வருசமும் உங்க வாப்பா ஒரு ஜோடி வாங்கிட்டு வந்தான். படித்துறையில வச்சேன். எடுக்கல. உங்க வாப்பா குத்துமதிப்பா வாங்குனது, பெருசு. உன் காலு வளருத மாதிரிதான அவன் காலும் வளரும்? அதான் இந்தத் தடவை அளவு எடுக்கேன்."

உளுந்து விலையைச் சொல்வது போலச் சொன்னாள். அழவில்லை. பென்சில் உள்ளங்கால் வளைவுக்கு வந்தது. எனக்குக் கூசவே இல்லை. அது என் கால் இல்லை என்பது போல மரத்துக் கிடந்தது.

வெட்டிய தாளில் அவள் எதுவும் எழுதவில்லை. மற்ற கால்களோடு சேர்த்து என் கையில் தந்தாள். "உங்க வாப்பாக்குத் தெரியும். உங்க உம்மாட்ட மட்டும் சொல்லிராத. அவளுக்கு ஓட்டை வாய். சொன்னா என்னையக் கொண்டுபோயிருவாங்க, பிள்ள."

நான் சரி என்று தலையாட்டினேன். இவ்வளவு பெரிய விஷயத்துக்கு எவ்வளவு சின்னத் தலை, பாருங்கள்.

மாலேயைப் பார்த்திருக்கிறீர்களா? இப்போது அங்கே அடுக்குமாடிகள் நெருக்கியடித்து நிற்பதாக என் மகள் படம் காட்டுகிறாள். அன்றைக்கு அது வெள்ளைச் சுவர்களும் மணல் சந்துகளுமாக இருந்தது. சுவரெல்லாம் பவளக் கல். கையை வைத்துத் தேய்த்தால் தோல் உரியும். எந்தச் சந்தில் நுழைந்து நேரே நடந்தாலும் கடைசியில் கடல். ஊரைச் சுற்றி ஒரு நடை நடந்தால் சாயா ஆறுவதற்குள் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம் என்று வாப்பா பெருமையாகச் சொன்னார். பார்த்த முகங்களே திரும்பத் திரும்ப எதிரே வந்தன. அங்கே யாரும் யாரிடமிருந்தும் ஒளிந்துகொள்ள முடியாது என்று எனக்குத் தோன்றியது.

முதல் நாள் சாயங்காலம் உம்மா வாப்பாவின் அறையில் காகிதக் கால்களைத் தரையில் பரப்பினாள். எந்தக் கடையில் யாருக்கு என்ன என்று திட்டம் போடுவதற்கு. மின்விசிறிக் காற்றில் அவை ஒவ்வொன்றாக அசைந்து, சுவர் ஓரத்தை நோக்கி நகர்ந்தன. உம்மா சிரித்துக்கொண்டே பிடித்துப் பிடித்து வைத்தாள். எட்டுப் பேருக்கு எட்டு. ஒன்பதாவதாக ஒன்று கதவருகே போய் நின்றது.

"இது யாரு காலு? பேரு இல்லியே." என்னைக் கூப்பிட்டு அதன்மேல் நிற்க வைத்தாள். விரல் விரலாகப் பொருந்தியது. "உன் காலுதான். உனக்குத்தான் ஏற்கெனவே ஒண்ணு இருக்கே."

நான் வாப்பாவைப் பார்த்தேன். வாப்பா கரும்பலகையில் தப்பாக எழுதிவிட்ட மாதிரி ஒரு முகத்தோடு நின்றார். பிறகு, "தெரியாம ரெண்டு தடவை வரைஞ்சிருப்பீய" என்றார். உம்மா நம்பினாள்.

மறுநாளிலிருந்து ஊர் சுற்றினோம். மீன் சந்தையில் சூரை மீன்கள் வரிசையாகக் கிடந்தன, எல்லாம் ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டு. ஒருவர் கத்தியை வைத்து, நாம் வாழைப்பழம் உரிக்கிற நேரத்தில் ஒரு மீனைத் துண்டு போட்டார். உம்மா மாசிக் கருவாட்டை முகர்ந்து பார்த்து, நம்மூரில் விற்பது இதில் பாதி கூட இல்லை என்றாள். பழைய பள்ளிவாசலைப் பார்த்தோம். சுவர் முழுக்கப் பவளக் கல்லில் கொடியும் எழுத்துமாகச் செதுக்கியிருந்தார்கள். சுற்றிலும் அடக்கம் செய்த கபுறுகள், தலைமாட்டில் நட்ட மீசான் கற்கள் மணலில் சாய்ந்து சாய்ந்து நின்றன. தலை கூராக இருந்தால் ஆண், வளைவாக இருந்தால் பெண் என்றார் வாப்பா. என் முழங்கால் உயரத்தில் கூராக ஒரு கல் நின்றது. நான் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், வாப்பாவும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் வாப்பா பள்ளிக்கூடம் போன பிறகு உம்மாவும் நானும் கடைத்தெருவுக்குப் போனோம். சிங்கப்பூர் பஜார் என்று அந்தத் தெருவுக்குப் பெயர். சிவப்பும் கறுப்பும் மஞ்சளுமாக அரக்குப் பூசிய மரச்சிமிழ்கள், சுறாவின் தாடை, சங்கு, உள்ளங்கையில் அடங்குகிற பாய்மரப் படகு. ஒரு கடையில் சாமான் எடுத்துத் தருகிறவர் எங்கள் பேச்சைக் கேட்டதும் எழுந்து வந்துவிட்டார், நம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். உவரிக்காரர்.

"நம்ம வாத்தியார் வீடா? வாங்கக்கா, வாங்க. ஊர்ல மழை உண்டா?"

உம்மாவுக்கு ஊர்ப் பேச்சைக் கேட்டதில் தலைகால் புரியவில்லை. பெரிய சாச்சிக்குச் சிமிழ், சின்ன மாமாவுக்குச் சட்டை, எல்லோருக்கும் செருப்பு என்று கடையைக் கலக்கினாள். எட்டுக் காலும் முடிந்தன. ஒன்பதாவது பைக்குள்ளேயே இருந்தது.

"பையனுக்கு எடுக்கலியா?" என்றார் உவரிக்காரர்.

"எந்தப் பையன்? எங்களுக்கு இவ ஒருத்திதான், அண்ணாச்சி."

"சார் வருசா வருசம் ரெண்டு ஜோடில்லா வாங்குவாரு. பிள்ளைக்கு ஒண்ணு, பையனுக்கு ஒண்ணு. பையனுக்கு ஒரு சுத்து பெருசா இருக்கட்டும், வளருத பிள்ளைன்னு சொல்லுவாரு." சொல்லிக்கொண்டே வரும்போது உம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டார். பிறகு நூல் கண்டைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

உம்மா சாமான்களைப் பைக்குள் அடுக்கினாள். பணத்தைக் கொடுத்தாள், பையைத் தூக்கினாள். தெருவில் கொஞ்ச தூரம் போனதும் நின்று, கைப்பையிலிருந்து ஒன்பதாவது காலை எடுத்துப் பார்த்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்கு அப்போதே புரிந்தது. நம் தெருக்களில் அந்தக் கதை புதிதா? போன இடத்தில் ஒரு வீடு, அங்கே ஒரு பிள்ளை. நம் உம்மாக்கள் கிணற்றடியில் குரலைத் தாழ்த்திப் பேசினால் பாதி நேரம் அதைத்தான் பேசினார்கள்.

ஒரு வார்த்தை நான் சொன்னால் போதும். சொன்னால் மாமி காலில் சங்கிலி. சொல்லாவிட்டால் வாப்பா எங்களுக்கு இல்லை. பத்து வயதில் நான் அந்தத் தெருவில் நின்று இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். வயிறு வலிக்கிறது என்று மட்டும் உம்மாவிடம் சொன்னேன்.

அதற்குப் பிறகு உம்மா ஊரைப் பார்க்கவில்லை, கால்களைத்தான் பார்த்தாள். வாப்பா பூங்காவுக்குக் கூட்டிப்போனார். அவள் ஊஞ்சலில் ஆடுகிற பிள்ளைகளின் பாதங்களைப் பார்த்தாள். கடற்சுவரில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டிருந்த பையன்களை, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, ஒருவர் விடாமல் பார்த்துக்கொண்டு நடந்தாள். வாப்பாவிடம் நன்றாகத்தான் பேசினாள், சோறு போட்டாள். அவர் பள்ளிக்கூடம் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு சந்து சந்தாகப் புறப்படுவாள். அவள் கையில் அந்தத் தாள் வியர்வையில் நனைந்து துணி மாதிரி ஆகியிருந்தது. அந்தத் தீவில் எத்தனை சந்து இருக்கிறது என்று அங்கே பிறந்தவர்களுக்குக் கூட எங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்காது.

பழைய பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில், பிள்ளைகள் குர்ஆன் ஓதுகிற வீடு ஒன்று இருந்தது. உள்ளே ஓதுகிற சத்தம் கேட்டது. வாசலில் இருபது முப்பது ஜோடிச் செருப்புகள். உம்மா குந்தி உட்கார்ந்தாள். ஒவ்வொரு வலது செருப்பாக எடுத்து, அதன்மேல் தாளை வைத்துப் பார்த்துத் திரும்ப வைத்தாள். நான் சந்தின் முனையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது. உம்மா இப்படிக் குந்தி உட்காருகிறவள் இல்லை. அவள் தெருவில் நடந்தால் பக்கத்து வீட்டுக்காரிகள் முந்தானையைச் சரிசெய்துகொள்வார்கள்.

ஒரு செருப்பில் தாள் சரியாக உட்கார்ந்தது. நீல வார். உம்மா அதைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அப்போது ஓதுகிற சத்தம் நின்றிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் ஒரு பையன். என் உயரம். இடது காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, வலது கால் வெறுமையாக, எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் தலை நனைந்திருந்தது. தொழுகைக்கு ஒளுச் செய்து கழுவிய ஈரம்தான், இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஈரத் தலை, வெறும் வலது கால், அவ்வளவுதான்.

உம்மா அவன் கையைப் பிடித்தாள். "உங்க வாப்பா யாரு? வாத்தியாரா? சொல்லு... சொல்லுப்பா" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. பையன் அவன் பாஷையில் ஏதோ சொன்னான். கையை உதறிக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு சந்தில் ஓடினான். கடல் தெரிகிற முனைவரை ஓடி, அங்கே நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவன் பார்த்தது உம்மாவை இல்லை, என்னை.

நான் கத்தினேன். "உம்மா, செருப்பைக் கீழ வைங்க. அது மாமி மகன். அது அவன் செருப்பு." அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாப்பாவைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை. பயத்தில் சொன்னேன். அதை உங்களிடம் மறைக்க விருப்பமில்லை.

உம்மா மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள், அழுதாள், என் உள்ளங்காலை எடுத்து முத்தினாள். "அல்லாஹ், அவரைப் போயி தப்பா நெனச்சேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தச் சாயங்காலம் வாப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். வாப்பா கோபப்படவில்லை. "அக்காவப் பத்தி ஊர்ல மூச்சு விடக்கூடாது. நான் வாங்கிக் குடுத்த செருப்போடல்லா அவன் போனான்" என்று மட்டும் சொன்னார். உம்மா என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

கிளம்புகிற அன்று விமான நிலையத் தீவுக்குப் போகிற படகில், வாப்பா ஒரு பொட்டலத்தை என் பைக்குள் அடியில் வைத்தார். "மாமிட்ட பைய, யாருக்கும் தெரியாம குடுத்துரு. இந்தத் தடவை அளவு சரி" என்றார்.

ஊருக்கு வந்து பெட்டி பிரித்தோம். தெருவே கூடியிருந்தது. எட்டுப் பேரும் செருப்பை மாட்டி, அங்கேயே நாலு எட்டு நடந்து பார்த்தார்கள். மாமி கதவருகே நின்று என்னைப் பார்த்தாள். காதும் காதும் வைத்தாற்போல் மறுநாள் தரலாம் என்று நான் சும்மா இருந்துவிட்டேன். அந்த மறுநாள் எனக்குக் கிடைக்கவில்லை.

உம்மா வாயைத் திறந்துவிட்டாள். சத்தியம் ஒரு வாரம்கூட ஓடவில்லை, மூன்றே நாள்தான். அன்று ராத்திரியே, பெட்டி பிரித்த சந்தோஷத்தில், மாமாவிடம் போய் இரக்கப்பட்டாள். "அவளைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க. செத்த பிள்ளைக்கு இன்னும் கால் அளவு எடுக்கா" என்றாளாம். நல்லதுக்குத்தான் சொன்னேன் என்று கண்ணை மூடி மவுத்தாகும்வரை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் நம்புகிறேன். விடியக்காலம் மாமா வாடகைக் கார் கொண்டுவந்தார். நான் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஓடியபோது மாமி வீட்டில் பூட்டுத் தொங்கியது.

அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு நான் தனியாகப் படித்துறைக்குப் போனேன். கோடைத் தண்ணீர் கணுக்கால் அளவுக்குத்தான் ஓடியது. கடைசிப் படியில் பொட்டலத்தைப் பிரித்து இரண்டு செருப்பையும் ஆற்றைப் பார்க்க வைத்தேன். நீல வார். "அளவு சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். ஒரு செருப்புதான் இருந்தது. நான் வைத்த இடத்திலேயே, வைத்த மாதிரியே. நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்பீர்கள். நானும் நாற்பது வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் தெரு நாய்கள் செருப்புத் தூக்குகிற நாய்கள்தான்.

மாமி ஒன்றரை வருஷம் கழித்துத் திரும்பி வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். வலது கணுக்காலில் கறுப்பாக ஒரு தடம் இருந்தது, அதைச் சேலையால் மூடி மூடி வைத்தாள். எங்கள் வீட்டுக்கு அவள் வரவில்லை. நான்தான் போனேன். முன்னால் உட்கார்ந்தேன். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் போனேன்.

"மாமி, வாப்பா குடுத்த செருப்பை நான் படித்துறையில வச்சேன். காலையில பாத்தா ஒண்ணுதான் இருந்துச்சு."

மாமி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது. "எந்தக் காலு?"

"இடது இருந்துச்சு. வலதைக் காணோம்."

கண்ணை மூடினாள். பிறகு மூச்சை விட்டாள், அவ்வளவு நீளமான மூச்சு ஒரு ஆளுக்குள் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு அவள் யாருக்கும் கால் அளவு எடுக்கவில்லை, எதையும் ஆற்றங்கரையில் கொண்டுபோய் வைக்கவும் இல்லை.

நான் மடியில் சுருட்டி வைத்திருந்த அந்த ஒற்றைச் செருப்பை எடுத்து நீட்டினேன். மாமி அதை வாங்கவில்லை. கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்: "அது உங்கிட்டயே கிடக்கட்டும், பிள்ள. இடது அவன் போட்டுக்கிட்டுல்லா போனான்."